லைனிங் வைத்த கர்ட்டன்: எதை வீட்டில் துவைக்கலாம், எதைக் கடைக்கு அனுப்ப வேண்டும்

கர்ட்டனைக் கழற்றி, பெட்ஷீட்டோடு சேர்த்து மெஷினில் போட்டு, மொட்டை மாடியில் காயவைத்து, சாயங்காலம் மாட்டிப் பார்த்தால் முன்துணிக்குக் கீழே, பின்பக்கம் வைத்துத் தைத்த லைனிங் துணி இரண்டு அங்குலம் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத் தையல் முழுக்கச் சுருக்கு விழுந்திருக்கும். நேராக விழ வேண்டிய மடிப்பெல்லாம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். துணி மோசம் என்றோ சோப்பு மோசம் என்றோ அப்போது தோன்றும். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. லைனிங் வைத்த கர்ட்டன் என்பது ஒரே தையலில் கட்டிப்போட்ட இரண்டு வேறு துணிகள். தண்ணீர் பட்டால் இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை.

கைத்தறியோ விசைத்தறியோ, நெய்யும்போது நூல் இழுத்துக் கட்டப்பட்ட நிலையில் இருக்கிறது. பருத்தித் துணி முதல்முறை நனையும்போது அந்த இழுவிசை தளர்ந்து துணி சுருங்குகிறது. முன்சுருக்கம் செய்யாத பருத்தி 4 சதவீதம் சுருங்கினால், 7 அடி (84 அங்குலம்) கர்ட்டனில் 3 அங்குலத்துக்கும் மேல் போய்விடும். பாலியஸ்டர் லைனிங்கோ குளிர்ந்த நீரில் ஏறக்குறைய சுருங்காது. அந்த வித்தியாசம்தான் கீழே தொங்குகிறது. ஆகவே கர்ட்டனை எப்படித் துவைப்பது என்பதை முன்துணியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திருப்பிப் போட்டு லைனிங்கைப் பாருங்கள், அது எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பின்பக்கம் என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் பெரும்பாலும் நான்கு வகை லைனிங் உண்டு. முதலாவது பருத்தி அல்லது பாலிகாட்டன் (பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தது): கையில் மொடமொடப்பாக இருக்கும், நனைத்தால் தண்ணீரை உடனே உறிஞ்சும். இரண்டாவது பாலியஸ்டர் அல்லது சாட்டின்: வழுக்கும், லேசாக மினுங்கும். மூன்றாவது, கறுப்பு நூலை நடுவில் வைத்து நெய்த பிளாக்அவுட், அதாவது வெளிச்சத்தை மறைக்கும் துணி. இது முழுக்கத் துணிதான், மேலே பூச்சு எதுவும் கிடையாது. நான்காவது, பூச்சு போட்ட பிளாக்அவுட். துணியின் மேல் அக்ரிலிக் நுரைப் பூச்சை அடுக்கடுக்காக ஏற்றியது. 'த்ரீ பாஸ்' என்று கடையில் சொல்வது வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மூன்று அடுக்கு. எல்லாவற்றிலும் அதிகமாகக் கெட்டுப்போவது இந்த நான்காவது வகை. விலையும் இதற்குத்தான் அதிகம்.

பூச்சு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பின்பக்கத்தில் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். முத்துப்போல் உருண்டு நின்றால் பூச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். விரலால் தேய்த்துப் பாருங்கள். ரப்பர்போல் பிடித்தால் சந்தேகமே வேண்டாம். நெய்த பிளாக்அவுட்டில் துணி இழை கண்ணுக்குத் தெரியும், விரல் வழுக்கிப் போகும்.

அடுத்தது தையல். லைனிங் மேலே மட்டும் பிடிக்கப்பட்டு, பக்கமும் கீழும் தனியாகத் தொங்குகிறதா? அல்லது கொக்கி, ஜிப், வெல்க்ரோ போட்டுக் கழற்றும்படி இருக்கிறதா? இரண்டுமே நல்லது. பக்கத் தையலும் அடிமடிப்பும் சேர்த்து மூட்டை போலத் தைத்திருந்தால்தான் கவனம் தேவை. ஒரு துணி சுருங்க, இன்னொன்று சுருங்காமல் இழுபடுவது இந்த வகையில்தான்.

லேபிள் இருந்தால் அதன் சொல்லைத் தட்டாதீர்கள். தொட்டிப் படத்தில் உள்ள எண், தண்ணீரின் உச்ச வெப்பநிலை. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும் துவைக்கலாம். தொட்டியில் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரே கூடாது. வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து 'பி' இருந்தால் பெர்க்லோரோஎத்திலீன் உட்பட வழக்கமான டிரை கிளீனிங் கரைப்பான்கள் எல்லாம் சரி. 'எஃப்' என்றால் பெட்ரோலிய வகைக் கரைப்பான் மட்டும். 'டபிள்யூ' என்றால் கடைக்காரர் செய்யும் நீர்ச்சலவை. இஸ்திரிப் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. முக்கோணத்தில் பெருக்கல் குறி இருந்தால் பிளீச் ஆகாது. தையல்காரரிடம் கொடுத்துத் தைத்த கர்ட்டனில் இந்த லேபிளே இருக்காது. அப்போது கீழே வரும் சோதனைகள்தான் உங்களுக்கு லேபிள்.

தண்ணீர் தொடுவதற்கு முன் மூன்று சோதனை

சாயம்: அடிமடிப்பின் உள்பக்கத்தில், துவைக்கப்போகும் அதே சோப்புத் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியை வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தக் கர்ட்டனை நனைக்காதீர்கள். மெரூன், கருநீலம், கரும்பச்சை முன்துணிக்கு வெளிர் நிற லைனிங் வைத்திருந்தால் இந்தச் சோதனையை ஒருநாளும் விடக்கூடாது. முன்துணியிலிருந்து போன சாயம் லைனிங்கில் ஏறி, வெயில் பட்டதும் அறைக்குள் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதை எடுப்பது மிகக் கடினம்.

வலு: ஜன்னலை ஒட்டி வெயில் அதிகம் படும் ஓரத்தை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக எதிரெதிரே இழுங்கள். 'சர்' என்று நூல் விட்டால், அல்லது காகிதம்போல் மொறுமொறுப்பாகத் தெரிந்தால், சூரிய ஒளி இழையை அரித்துவிட்டது என்று பொருள். பட்டும் பருத்தியும் இதில் சீக்கிரம் பழுதாகும். மேற்குப் பார்த்த ஜன்னலில் ஐந்தாறு வருடம் தொங்கிய லைனிங் பார்க்க நன்றாக இருக்கும். நனைத்துத் தூக்கியதும் நீளவாக்கில் கிழியும். சலவைதான் கிழித்தது என்று தோன்றினாலும் அது முன்பே கிழிந்துபோன துணி. இப்படிப்பட்டதில் தூசி மட்டும் எடுத்துவிட்டு, லைனிங்கை மாற்றிவிடுங்கள்.

சுருக்கம்: கர்ட்டன் தைத்தபோது மிஞ்சிய துண்டுத் துணி இருந்தால் 10 அங்குலம் அளந்து நூலால் குறியிட்டு, நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளந்து பாருங்கள். கால் அங்குலம் குறைந்திருந்தால் 84 அங்குலத்தில் 2 அங்குலத்துக்கு மேல் குறையும். துண்டு இல்லையென்றால் கர்ட்டனைச் சேர்த்துக் கட்டும் பட்டையை முதலில் துவைத்துப் பாருங்கள். உள்ளே விறைப்புத் துணி வைக்காத பட்டையாக இருந்தால் அதுவே நல்ல மாதிரி. ஒருமுறை ஏற்கெனவே தண்ணீரில் துவைத்து எடுத்த கர்ட்டன் என்றால் பெருமளவு சுருக்கம் அப்போதே முடிந்திருக்கும், பயம் குறைவு.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகு முடிவு எளிது. பட்டு, வெல்வெட், சாயம் போகும் துணி, ஜரிகை அல்லது எம்பிராய்டரி கனமாக உள்ளவை, பக்ரம் என்ற விறைப்புத் துணி வைத்து மடிப்புத் தைத்த 9 அடி கர்ட்டன்கள் எல்லாம் கடைக்கு. பாலியஸ்டர் முன்துணியும் பாலியஸ்டர் லைனிங்கும் வைத்தவை வீட்டிலேயே. பருத்தி முன்துணியோடு பாலியஸ்டர் லைனிங் மூட்டிய புதுக் கர்ட்டன் என்றால், ஒன்று கடைக்கு, இல்லையேல் லைனிங்கைப் பிரித்து வீட்டில். பூச்சு பிளாக்அவுட்டைத் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

எப்போது செய்வது?

தீபாவளிக்கு முந்தைய வாரம் கர்ட்டன் துவைப்பது நம் வழக்கம். லைனிங் வைத்த கர்ட்டனுக்கு அதைவிடத் தப்பான நேரம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். இரண்டடுக்குத் துணி இரண்டு நாள் ஈரமாகவே தொங்கினால் அடிமடிப்பிலும் மேல் பட்டையிலும் கரும்புள்ளியும் ஈரவாடையும் வந்துவிடும். செப்டம்பர் தொடக்கத்தில் முடித்துவிடுங்கள், அல்லது பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆரம்பியுங்கள். ஏப்ரல், மே மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். 'பச்சைத் தண்ணீரில்தானே துவைத்தேன்' என்று நினைத்துக்கொண்டே சுடுதண்ணீரில் துவைத்துவிடுவோம்.

கழற்றுவதும் தூசி எடுப்பதும்

கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் (ஜன்னலின் இடம், வலம் என்று தனித்தனியாகத் தொங்கும் ஒவ்வொரு கர்ட்டனும் ஒரு பக்கம்) மேலிருந்து அடிவரை அளந்து எழுதி வையுங்கள். முன்துணியின் நீளம், லைனிங்கின் நீளம் இரண்டும் வேண்டும். போனில் ஒரு படம் எடுங்கள். எந்த ஜன்னலின் இடம், வலம் என்று தெரிய அடிமடிப்பின் உட்புறத்தில் வெள்ளை நூலால் ஒரு தையல், இரண்டு தையல் என்று போட்டுவையுங்கள். பேனாவால் எழுதினால் மை பரவும். கொக்கிகள் எல்லாவற்றையும் எடுத்து எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள். ஒரு கொக்கி உள்ளே மறந்துபோனால் நனைந்த துணியில் துருக்கறை, மெஷினில் கிழிசல். அடி மூலையில் எடைக்காக ஈய வில்லை வைத்திருந்தால் தையலைப் பிரித்து எடுத்துவிடுங்கள். ஈரத்தில் அதிலிருந்து கறுப்புக் கறை இறங்கும். தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள்.

மேலே வளையம் குத்திய கர்ட்டன் என்றால், பிளாஸ்டிக் வளையத்தைப் பிரித்துப் பிரித்து மாட்டாதீர்கள், பற்கள் உடைந்துவிடும். எல்லா வளையத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பருத்தி நாடாவால் கட்டி, மேல்பகுதியை ஒரு பழைய தலையணை உறைக்குள் நுழைத்துக் கட்டிவிடுங்கள்.

தூசி எடுக்காமல் நனைப்பது, தூசியைச் சேறாக்கித் துணிக்குள் ஏற்றுவது. சாலை ஓர வீட்டில் லைனிங்கின் மேல் படிவது மண், டயர் தூள், புகைக்கரி எல்லாம் கலந்தது. வேக்குவம் கிளீனரில் பிரஷ் முனையை மாட்டி, உறிஞ்சலைக் குறைத்து, முனையின் மேல் நெட் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக இழுங்கள். முன்பக்கம் ஒருமுறை, பின்பக்கம் இரண்டுமுறை. அடிமடிப்பின் வாயைத் திறந்து உள்ளே இருக்கும் தூசியையும் எடுங்கள், அங்கேதான் ஒரு கைப்பிடி இருக்கும். வேக்குவம் இல்லையென்றால் மாடியில் இருவர் இரு முனையைப் பிடித்து உதறி, மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். வாய்க்கு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கழற்றாமலேயே செய்து வந்தால் வருடத்துக்கு ஒரு சலவை போதும். அடிக்கடி துவைப்பது கர்ட்டனுக்கு நல்லதல்ல.

கையால் துவைப்பது

54 அங்குல அகலம், 7 அடி உயரமுள்ள ஒரு பக்கம் லைனிங்கோடு காய்ந்த நிலையில் சுமார் ஒன்று முதல் ஒன்றேகால் கிலோ இருக்கும். நனைந்து சொட்டும்போது அது மூன்று கிலோவைத் தாண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு பக்கம். 40 லிட்டர் பிளாஸ்டிக் டப், பாதிக்கு மேல் தண்ணீர்.

தண்ணீர் எது என்பது முக்கியம். போர் தண்ணீரின் கடினத்தன்மை சோப்போடு சேர்ந்து சாம்பல் நிறப் பிசுக்காகத் துணியில் படியும். இரும்புச் சத்து இருந்தால் வெள்ளை லைனிங் மஞ்சளாகும். முடிந்தால் குழாய் வழி வரும் நல்ல தண்ணீரையோ மழைநீரையோ கடைசி அலசலுக்காவது வையுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் சேமித்து வைத்திருப்போம். அதில் உப்பு இன்னும் அதிகம், கர்ட்டனுக்கு வேண்டாம், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

25 லிட்டர் தண்ணீருக்கு மிதமான திரவ சோப்பு 25 முதல் 30 மி.லி., அதாவது இரண்டு மேசைக்கரண்டி. ஈஸி போல உல்லனுக்கும் பட்டுக்கும் விற்கும் வகை. தூள் சோப்பு இரண்டடுக்குக்கு நடுவில் கரையாமல் தங்கி, காய்ந்தபின் வெள்ளைத் தடமாக வரும். சோப்பைத் தண்ணீரில் முழுதாகக் கலந்த பிறகே துணியை இறக்குங்கள். துணிமேல் நேரடியாக ஊற்றாதீர்கள்.

கர்ட்டனைப் பாய் மடிப்பதுபோல் விசிறி மடிப்பாக மடித்து இறக்கி, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். 10 நிமிடம் போதும், 15 நிமிடத்துக்கு மேல் ஊற வைக்காதீர்கள். கல்லில் அடிப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, முறுக்குவது மூன்றும் கூடாது. தேய்த்த இடத்தில் முன்துணியும் லைனிங்கும் ஒன்றன்மேல் ஒன்று நழுவி, காயும்போது அந்த நிலையிலேயே நின்றுவிடும்.

முதல் தண்ணீர் காப்பி நிறத்தில் போகும். அதைக் கண்டு பயந்து இன்னும் சோப்பு போடாதீர்கள். டப்பைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, துணியை டப்பிலேயே அமுக்கிப் பிழிந்து, புதுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் தெளியும்வரை மூன்று அல்லது நான்கு அலசல். கடைசிக்கு முந்திய அலசலில் 20 லிட்டருக்கு 50 மி.லி. வெள்ளை வினிகர் விட்டால் மிச்சமிருக்கும் சோப்புப் பிசுக்கு போகும். அதே தண்ணீரில் குளோரின் பிளீச் எதுவும் கலந்துவிடக் கூடாது, நச்சு வாயு வரும்.

தூக்கும்போது ஒரு முனையைப் பிடித்து இழுக்காதீர்கள். நனைந்த எடை முழுதும் அந்தத் தையலில் விழும். இரு கைகளையும் அடியில் கொடுத்துக் குழந்தையை அள்ளுவதுபோல் அள்ளி, ஒரு பெரிய துவாலைமேல் வைத்துச் சுருட்டி அமுக்குங்கள்.

மெஷின்?

பாலியஸ்டர்மேல் பாலியஸ்டர் என்றால் சரி. முன்பக்கக் கதவு மெஷினில், வலைப் பைக்குள், குளிர்ந்த நீர் அல்லது 30 டிகிரி, டெலிகேட் சுழற்சி, பிழிவு நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு மேல் வேண்டாம். டிரம் பாதிதான் நிறைய வேண்டும். 7 கிலோ மெஷினில் இரண்டு பக்கம் போதும். மேல்பக்கக் கதவு மெஷினில் நடுவே சுழலும் தண்டு இருந்தால் போடாதீர்கள். கயிறுபோல் முறுக்கி லைனிங்கைப் பிய்த்துவிடும். பூச்சு போட்ட பிளாக்அவுட்டை எந்த மெஷினிலும் பிழிய விடாதீர்கள். தண்ணீர் புகாத பூச்சுக்குள் நீர் குளம்போல் தங்கி, டிரம் நிலைதடுமாறிப் பயங்கரமாக ஆடும். மெஷினே பழுதாகலாம்.

லைனிங்கைப் பிரித்துத் துவைப்பது

வேலை கூடுதல்தான். ஆனால் நல்ல பருத்திக் கர்ட்டன் வருடக்கணக்கில் அழகாக விழ இதைவிடச் சிறந்த வழி இல்லை. பக்கத் தையலை மட்டும் தையல் பிரிக்கும் கருவியால் அடியிலிருந்து மேல்நோக்கிப் பிரியுங்கள். மேல் பட்டைக்கு ஓர் அடி கீழே நிறுத்துங்கள். அடிமடிப்பில் இரண்டும் சேர்ந்திருந்தால் அதையும் பிரியுங்கள். இப்போது இரண்டு துணியும் அதனதன் போக்கில் சுருங்கும். மேலே சொன்னபடி துவைத்துக் காயவைத்து, கம்பியில் மாட்டி, இரண்டு நாள் அப்படியே தொங்க விடுங்கள். இழை இறங்கி நிலைக்கு வந்த பிறகு, முன்துணியைவிட லைனிங் ஓர் அங்குலம் குட்டையாக இருக்கும்படி குண்டூசி குத்தி, அடியை மடித்துத் தையுங்கள். பிறகு பக்கத்தை, தளர்ந்த கைத்தையலாக. இறுக்கமான மெஷின் தையல் போட்டால் அடுத்த தடவை இதே கதைதான்.

கரும்புள்ளி விழுந்த வெள்ளைப் பருத்தி லைனிங்கை முழுதாகப் பிரித்து எடுத்தால், சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் பிளீச்சை 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து ஒரு மணி நேரம் ஊற வைக்கலாம். குளிர்ந்த நீரில் அது மந்தமாகத்தான் வேலை செய்யும். முன்துணியோடு சேர்ந்திருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

பூச்சு பிளாக்அவுட்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி திரவ சோப்பு. வெள்ளை மென்துணியை நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, தொங்குகிற நிலையிலேயே மேலிருந்து கீழாகத் துடையுங்கள். ஒரு கையால் முன்பக்கத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். உடனே வெறும் தண்ணீரில் நனைத்த இன்னொரு துணியால் துடைத்து, மின்விசிறியைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் விரித்தபடியே விடுங்கள். ஈரத்தோடு ஒதுக்கிச் சுருக்கினால் பூச்சும் பூச்சும் ஒட்டிக்கொள்ளும்; பிரிக்கும்போது உரிந்து வரும். கூர்மையாக மடித்தால் மடிப்புக் கோட்டில் பூச்சு வெடித்து, வெயிலில் ஊசித்துளை போல வெளிச்சம் வரும். அதைச் சரிசெய்ய வழியில்லை. ஸ்பிரிட், தின்னர், பிளீச் எதையும் பூச்சின்மேல் போடாதீர்கள்.

கறைகள்

சமையலறைப் பக்கத்து எண்ணெய்க் கறைமேல் முகப்பவுடரையோ சோளமாவையோ தூவி அரை மணி நேரம் விட்டு உதறுங்கள், பிறகு பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவப்பாகும். அது சோப்பின் காரத்தால் வரும் நிறமாற்றம், அலசினால் திரும்ப மஞ்சளாகும். மிச்சம் வெயிலில் வெளுக்கும். பல்லி எச்சத்தை ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பரவும். காயவிட்டுக் கரண்டி முனையால் சுரண்டி எடுத்தபின் துடையுங்கள். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் வெள்ளைப் பருத்தியில் மட்டும். துருவின்மேல் குளோரின் பிளீச் ஊற்றினால் கறை இன்னும் ஆழமாகப் பதியும். ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் புகையால் வந்த மஞ்சள் படிவு ஒரே சலவையில் போகாது.

காயவைப்பதும் இஸ்திரியும்

ஓரடி இடைவெளியில் கட்டிய இரண்டு கொடிகளின்மேல், நீளவாக்கில், நிழலில். ஒரே கொடியில் போட்டால் நடுவே கோடு விழும், இரண்டு அடுக்கும் ஒட்டிக் காயாது. லைனிங் வெளிப்பக்கம் பார்க்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை முன்துணியையும் லைனிங்கையும் கையால் பிரித்துக் காற்று விடுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும், லேசான ஈரத்தோடு, கம்பியில் மாட்டி நீளமாக நீவி விடுங்கள். பாதி இஸ்திரி வேலை அதிலேயே முடிந்துவிடும். சொட்டச் சொட்ட மாட்டாதீர்கள். நான்கு பக்கம் சேர்ந்தால் பன்னிரண்டு கிலோவுக்கு மேல், சுவரிலிருந்து கம்பியின் திருகாணியே பிடுங்கிக்கொண்டு வரலாம். துணி உலர்த்தும் இயந்திரம் வேண்டவே வேண்டாம்.

இஸ்திரியை உள்பக்கத்திலிருந்து, மேலிருந்து அடிநோக்கி, ஒவ்வோர் அடுக்காகப் போடுங்கள். பாலியஸ்டருக்கு ஒரு புள்ளிச் சூடு. அகலவாக்கில் இழுத்துத் தேய்த்தால் பக்கத் தையல் அலை அலையாக நீண்டுவிடும். பூச்சின்மேல் பெட்டியை வைத்தால் உருகி ஒட்டும். முன்பக்கத்திலிருந்து அரையடி தள்ளி நீராவி மட்டும் காட்டலாம். தெருமுனைக் கரிப்பெட்டிக்காரரிடம் கொடுத்தால் பூச்சு இருப்பதை வாயால் சொல்லிக் கொடுங்கள், அவருக்கு முன்பக்கம்தான் தெரியும்.

கடைக்குக் கொடுக்கும்போது

டிரை கிளீனிங் என்பது தண்ணீருக்குப் பதில் கரைப்பானில் துவைப்பது. பருத்தி இழை கரைப்பானில் ஊதுவதில்லை, அதனால் சுருக்கம் மிகக் குறைவு. லைனிங் கர்ட்டனுக்கு அது பெரிய பலம். ஆனால் எல்லா கரைப்பானும் எல்லா லைனிங்குக்கும் ஆகாது. பெர்க் (பெர்க்லோரோஎத்திலீன்) வலுவானது, எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும், பூச்சுகளையும் பதம்பார்க்கும். வினைல் பூச்சு அதில் விறைத்துப்போய் வெடிக்கும். 'பெட்ரோல் வாஷ்' என்று சொல்லும் பெட்ரோலிய வகை சற்று மென்மையானது. எனவே பூச்சு பிளாக்அவுட்டை லேபிளில் அனுமதி இல்லாமல் கொடுக்காதீர்கள்.

கவுண்டரில் கேட்க வேண்டியவை: எந்தக் கரைப்பான்? இங்கேயே செய்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா? 'டிரை கிளீன்' என்று பில் போட்டுவிட்டுத் தண்ணீரில் துவைக்கிற இடங்களும் உண்டு. நீளம் குறைந்து வந்தால் அதுவே அடையாளம். அதனால் உங்கள் அளவுகளை அவர் முன்னாலேயே அளந்து பில்லில் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை பக்கம், எத்தனை வளையம், எத்தனை கொக்கி, முன்துணி நீளம், லைனிங் நீளம். வெயிலில் நைந்த இடத்தையும் இருக்கிற கறையையும் நீங்களே காட்டிவிடுங்கள். கறை என்னவென்று சொன்னால் அவர் வேலை பாதி குறையும். ஒரு ஜன்னலுக்கு ஒரு பக்கத்தை மட்டும் கொடுக்காதீர்கள், சோடியைச் சேர்த்தே கொடுங்கள். சுத்தம் செய்தபின் நிறத்தில் வரும் சிறு வித்தியாசம் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது உறுத்தும். கட்டணத்தைப் பக்கத்துக்கா, எடைக்கா, சதுர அடிக்கா என்று முன்பே பேசுங்கள். எடைக்கணக்கு என்றால் லைனிங் சேர்ந்த கர்ட்டனுக்குப் பில் எதிர்பார்த்ததைவிடக் கூடும்.

வீட்டுக்கே வந்து, தொங்கும் நிலையில் சுத்தம் செய்பவர்களும் நகரங்களில் இருக்கிறார்கள். தூசியெடுப்புக்கும் லேசான அழுக்குக்கும் அது நல்லது. சுடுநீரைப் பாய்ச்சி உறிஞ்சும் முறை என்றால், பருத்திக்கும் பட்டுக்கும் அதுவும் தண்ணீர்தான் என்பதை மறக்கக் கூடாது. ஒரு மூலையில் செய்துகாட்டி, காய்ந்தபின் பார்த்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். பட்டில் தண்ணீர் வட்டம் விழுந்தால் அந்த மூலையோடு போகட்டும்.

திரும்பி வந்ததும் பிளாஸ்டிக் உறையை அப்போதே கழற்றி, பால்கனியில் வாடை போகும்வரை காற்றாட விடுங்கள். பெர்க்கை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் 2ஏ பட்டியலில் வைத்திருக்கிறது. வாடை இருக்கும்போதே கதவடைத்து ஏ.சி. போட்ட படுக்கையறையில், அதிலும் குழந்தை தூங்கும் அறையில், மாட்ட வேண்டாம். மாட்டும் முன் பில்லில் எழுதிய அளவோடு அளந்து பாருங்கள். குறை இருந்தால் அன்றே சொல்லுங்கள்.

ஏற்கெனவே சுருங்கிவிட்டது என்றால்

லைனிங் கீழே தொங்குகிறது, முன்துணி சரியான உயரத்தில் இருக்கிறது என்றால், லைனிங்கின் அடியை மட்டும் ஏற்றி மடித்துத் தைத்தால் போதும். பக்கம் சுருக்கு விழுந்திருந்தால் மேலே சொன்னபடி பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு நாள் தொங்கவிட்டு, தளர்வாகத் திரும்பத் தையுங்கள். முன்துணியே தரையிலிருந்து மூன்று அங்குலம் ஏறிவிட்டதென்றால் அடிமடிப்பைப் பாருங்கள். நல்ல தையல்காரர் 4 முதல் 6 அங்குலம் உள்ளே மடித்து வைத்திருப்பார், அதை இறக்கலாம். பழைய மடிப்புக் கோடு தெரியாமலிருக்க அந்த இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரி போடுங்கள். வெயிலில் வெளுத்த கர்ட்டனில் மட்டும், உள்ளே மடிந்திருந்த பகுதி அடர்நிறமாகத் தனித்துத் தெரியும். அங்கே வேறு நிறத்தில் அகலமான ஒரு பட்டையை வைத்துத் தைத்துவிடுவதுதான் வழி.

அடுத்த கர்ட்டனுக்குத் துணி எடுக்கும்போது, கரூர்ப் பருத்தியோ வேறெதுவோ, முன்துணியையும் பருத்தி லைனிங்கையும் வெட்டுவதற்கு முன்பே ஓர் இரவு தண்ணீரில் போட்டுக் காயவைத்து இஸ்திரி போட்டுத் தையல்காரரிடம் கொடுங்கள். சாயம் போகுமா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.